மெரூன் பொட்டு ஒட்டிய சார்ஜர்

மே 8, வியாழன்

“பழுது எப்போது, எப்படி ஏற்பட்டது?”

கம்பெனியின் இணையப் படிவத்தில் ஆறாவது கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை காலை கல்லூரியில் வேலை செய்த சார்ஜர் நேற்று மாலை வீட்டில் செருகியபோது வேலை செய்யவில்லை. அதன் சிறு விளக்கு எரியவே இல்லை. நடுவில் ஒன்றரை நாள் ஆசிரியர் அறையின் பிளக் போர்டில் கிடந்தது, அவ்வளவுதான். “தெரியவில்லை” என்று எழுதினேன். குறைந்தது இருபது எழுத்து வேண்டும் என்று சிவப்பில் காட்டியது. “எப்படி என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை” என்று எழுதினேன். ஏற்றுக்கொண்டது. தெரியாததையும் நீட்டி எழுதினால்தான் மதிப்பு. ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியபோதே இதைக் கற்றிருக்கிறேன்.

இதையெல்லாம் அலைபேசியில் செய்தேன். மடிக்கணினியில் ஒன்பது சதவீதம்தான் மிச்சம். மூடி வைத்துவிட்டேன்.

விண்ணப்பம் பதினைந்தாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் கல்லூரியின் இணையதளத்தில் போய்ச் சேர வேண்டும். வரலாற்றுத் துறையில் அரசு ஊதியம் தரும் இடம் ஒன்று காலியாகியிருக்கிறது. சுயநிதிப் பிரிவில் பத்தொன்பது வருடமாகப் பாடம் நடத்துகிறேன். ஜூன் முதல் தேதி ஐம்பது வயது நிறைந்திருந்தால் விண்ணப்பிக்கக் கூடாது என்பது நிர்வாகத்தின் விதி. எனக்கு ஆவணியில் ஐம்பது. அடுத்து ஒருவர் ஓய்வு பெற நான்கு வருடம் ஆகும். ஆக, இதுதான்.

விண்ணப்பிப்பவர்கள் இரண்டே பேர். நான், மாரிக்கனி. பதினாறு வருடமாக ஒரே பேருந்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் போய்வருகிறோம். அலுவலகக் கண்காணிப்பாளர் சுடலைமுத்து சார் ஏப்ரல் 28ஆம் தேதியே இந்த இடம் வரப்போவதை என் காதில் போட்டார். கனியிடம் சொல்ல நினைத்திருந்தேன், மறந்துவிட்டது. மூன்றாம் தேதி அறிவிப்புப் பலகையில் ஒட்டியதும் அவளே பார்த்துக்கொண்டாள். அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

மே 9, வெள்ளி

வாடிக்கையாளர் சேவைக்கு மூன்று முறை பேசினேன். மூன்று குரலும் ஒரே கேள்வியைக் கேட்டன: “வேற சுவிட்ச்ல போட்டுப் பாத்தீங்களா மேடம்?” முனைவர் பட்டம் பெற்ற பெண்ணுக்கு வேறு சுவிட்ச் என்ற ஒன்று இருப்பது தெரியாது என்று நினைக்கிறார்கள். திருநெல்வேலி சர்வீஸ் சென்டருக்கு நேரில் கொண்டுபோக வேண்டுமாம். மூன்று வருட வாரண்டியில் இரண்டுதான் முடிந்திருக்கிறது.

மாலை கனியைக் கூப்பிட்டேன். அவளிடமும் இதே மாதிரி மடிக்கணினிதான். கல்லூரியில் ஒன்பது பேர் சேர்ந்து ஒரே நாளில் வாங்கினோம்.

“என்னக்கா இது, இந்த நேரத்துலயா போகணும்?” என்றாள்.

“ஒன்னோடத ரெண்டு மணி நேரம் தாயேன்.”

“தாரேன்க்கா. என்னதும் கொஞ்சம் மக்கர் பண்ணுது பாத்துக்கிடுங்க. நாளைக்கு என் அப்ளிகேசன முடிச்சுட்டு தந்திருதேன்.”

நாளை என்றால் நாளை. சரி என்றேன்.

மே 10, சனி

கனி விண்ணப்பத்தை அனுப்பிவிட்டாள். சார்ஜரைப் பற்றிக் கேட்டேன். சொந்தத்தில் ஒரு சடங்கு வீடு, செவ்வாய் வரை சாத்தூரில் இருப்பாளாம், மடிக்கணினியும் கூடவே போகிறது. மற்ற ஏழு பேரில் இருவர் எடுக்கவில்லை. மூவர் வெளியூரில். ஒருவர் பெங்களூரில் மகள் வீட்டில். மிச்சம் ஒருவரிடம் கேட்க எனக்கு மனம் இல்லை.

பஜாரில் ஒரு கடையில் கேட்டேன். “ஒரிஜினல் மாதிரியே இருக்கும்” என்று ஒன்றை எடுத்து வைத்தார். மாதிரியே இருக்கும் என்று சொல்லி விற்கப்படும் எதையும் நான் வாங்குவதில்லை. மதர்போர்டு போனால் யார் பொறுப்பு என்று கேட்டேன். “அப்படில்லாம் போகாது மேடம்” என்றார். எழுதித் தருவீர்களா என்றேன். எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

எல்லோரும் கோப்புகளை இணையத்தில் சேமிக்கிறார்கள். எங்கேயோ இருக்கும் யாருடைய இயந்திரத்திலோ என் பத்தொன்பது வருடத்தைக் கொண்டுபோய் வைக்க நான் சம்மதிக்கவில்லை. பென் டிரைவில் போன வருடம் வரைதான் இருக்கிறது. இது என் தவறு. எழுதி வைக்கிறேன்.

சார்ஜரைத் துடைத்து மேசைமேல் வைத்தேன். ஒன்பது சார்ஜரும் ஒரே கறுப்பு, ஒரே பருமன். வாங்கிய முதல் வாரத்திலேயே ஆசிரியர் அறையில் சண்டை. ஆண்கள் பிளாஸ்டர் ஒட்டிப் பெயர் எழுதினார்கள். கனிதான் ஸ்டிக்கர் பொட்டு யோசனையைச் சொன்னாள். தன்னுடையதில் பச்சைக் கல் வைத்த பொட்டு. என்னுடையதில் என் நெற்றியிலிருந்தே மெரூன் பொட்டை எடுத்து, எழுத்துகள் இருக்கும் பக்கத்தில், கம்பெனிப் பெயருக்கு மேலே ஒட்டினாள். “இப்பத்தான் அக்கா, ஒங்க மாதிரியே இருக்கு. கோவமா, அழகா” என்றாள். அறை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

துடைக்கும்போது பொட்டு விரலோடு வந்துவிட்டது. பசை இல்லை. இரண்டு வருடம் தாங்கியதே பெரிது. அது ஒட்டியிருந்தது எழுத்து இல்லாத வழுவழுப்பான பக்கத்தில். எழுத்துள்ள பக்கம் என்றுதான் எனக்கு நினைவு. என் நினைவு தப்பாக இருக்கலாம்.

மே 11, ஞாயிறு

தண்ணீர் வந்தது. இரண்டு குடமும் ஒரு டிரம்மும். மாவு புளித்துவிட்டது.

மே 12, திங்கள்

காலை ஏழரைப் பேருந்து. ஒன்றேகால் மணி நேரம். மடிக்கணினி வந்த பெட்டியின் மேல் ஒட்டியிருந்த தாளைக் கத்தரித்து எடுத்துப் போயிருந்தேன். ரசீது, அடையாள அட்டை, எல்லாவற்றுக்கும் இரண்டு நகல். டோக்கன் பதினேழு.

கவுண்ட்டரில் இருந்த பெண்ணின் பெயர் நஸ்ரின் என்று அட்டை சொன்னது. முப்பத்தைந்து வயதிருக்கும். சார்ஜரைத் திருப்பி, சிறிய எழுத்துகளை வாசித்தாள். பிறகு என் தாளை வாசித்தாள். மறுபடி சார்ஜர்.

“மேடம், இது ஒங்க லேப்டாப்போட வந்த சார்ஜர் இல்லயே.”

“ரெண்டு வருசமா இதத்தான் வச்சிருக்கேன்.”

“ஒங்க பெட்டில கடைசி நாலு நம்பர் 4471. கையில இருக்கது 4468. நீங்களே பாருங்க.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். 4468தான்.

“ஸ்டாஃப் ரூம்ல மாறியிருக்கும்” என்றேன்.

“மாறிருந்தா ஒங்களோடது அவங்ககிட்ட நல்லா ஓடிக்கிட்டு இருக்கும். கேட்டு வாங்கிருங்க, வேல முடிஞ்சுது” என்று சிரித்தாள். கணினியில் எண்ணைத் தட்டினாள். சிரிப்பு நின்றது. “இதுக்கு ஏற்கெனவே கம்ப்ளெயின்ட் இருக்கே. அஞ்சாந்தேதி போட்டிருக்காங்க. லைட் எரியல, சார்ஜ் ஏறலன்னு. மாத்தித்தர எட்டு வேலை நாள் ஆகும்னு நாங்க சொல்லிருக்கோம். ஆறாந்தேதி சாயங்காலம் மூணே முக்காலுக்கு அவங்களே கேன்சல் பண்ணிருக்காங்க. பிரச்சினை தீந்துருச்சுன்னு போட்டு.”

“செத்த சார்ஜர் எப்படித் தீரும்?”

“அதான் எனக்கும் புரியல மேடம்.”

“யார் பேர்ல இருக்கு?”

“பேர் சொல்லக் கூடாது. அவங்க நம்பருக்கு ஓ.டி.பி. போகும், அதச் சொன்னா இப்பவே கம்ப்ளெயின்ட்ட திறந்திருவேன். எனக்குக் கடைசி ரெண்டு நம்பர்தான் தெரியும். 37. தெரிஞ்சவங்களா?”

“ஒன்பது பேர் வாங்குனோம்” என்றேன். அது பதில் இல்லை. அவளும் மேற்கொண்டு கேட்கவில்லை. புதிய சார்ஜர்கள் அடுத்த திங்கள்தான் வருமாம்.

37இல் முடியும் எண் நூற்றில் ஒருவருக்கு இருக்கும். ஒன்பது பேரில் ஒருவருக்கு இருந்தால் அதிசயம் ஒன்றும் இல்லை. திரும்பி வரும்போது பேருந்தில் இடம் கிடைக்கவில்லை. அலைபேசியைப் பார்க்காமல் எனக்குச் சொல்லத் தெரிந்த எண்கள் இரண்டே. ஒன்று என்னுடையது. இன்னொன்றை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன், கடைசி இரண்டு இலக்கம் வரை போகாமல் நிறுத்தினேன். கயத்தாறு தாண்டியதும் ஒரு அம்மாள் எழுந்து இடம் கொடுத்தாள். முகம் அப்படி இருந்திருக்க வேண்டும்.

மே 13, செவ்வாய்

சார்ஜர் தவறுதலாக மாறலாம். பொட்டு தவறுதலாக மாறாது.

மே 14, புதன்

கனி சாத்தூரிலிருந்து நேற்றே வந்துவிட்டாள். காலை பத்து மணிக்குக் கூப்பிட்டேன்.

“இன்னைக்கு வீட்டுல ஒரே ஆளுகளா இருக்குக்கா. நாளைக்கு வாரீங்களா? மத்தியானம்போல?”

“நாளைக்குக் கடைசி நாள், கனி.”

“அஞ்சு மணி வரைக்கும் இருக்குல்லா. ரெண்டு மணிக்கு வந்தாக்கூட போதும்.”

அவளிடம் வேறு எதையும் கேட்கவில்லை. எனக்கு வேண்டியது இரண்டு மணி நேரம் மின்சாரம். அதை நான் கேட்கக்கூடியவள் ஊரில் அவள் ஒருத்திதான். அது எப்படி அவள் ஒருத்தியாக ஆனாள் என்பதைப் பதினாறாம் தேதி யோசித்துக்கொள்ளலாம்.

துவைத்த புடவைகளை மடித்தேன். நேர்காணலுக்குச் சாம்பல் நிறப் பருத்திப் புடவை.

மே 15, வியாழன்

இரண்டு மணிக்குப் போனேன். அவள் கணவர் மில் மூடியதிலிருந்து வீட்டில்தான். என்னைக் கண்டதும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, “வாங்க டீச்சர்” என்று சொல்லிச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். நர்சிங் போக வேண்டும் என்கிறாளாம்.

“ரெண்டு பேருல யாருக்குக் கெடச்சாலும் சரிதான்க்கா, என்ன?” என்றாள் கனி.

“ஆமா” என்றேன்.

சார்ஜரை என் கையில் தரவில்லை. அவளே செருகி, கறுப்புப் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, வயரின் முனையை மட்டும் நீட்டினாள். விளக்கு எரிந்தது. மடிக்கணினி உயிர் பெற்றது. கோப்புகள் எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. இணையதளம்தான் ஒவ்வொரு பக்கத்துக்கும் பத்து நிமிடம் சுற்றியது. கடைசி நாளில் எல்லாத் துறைக்கும் இதே தளம்.

கனி அறையை விட்டு நகரவில்லை. பீரோவில் இருந்த புடவைகளை எடுத்து மறுபடி அடுக்கினாள். நான்கு மணிக்கு, “டீ போடுதேன்க்கா” என்று உள்ளே போனாள்.

பேனா கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தேன். சார்ஜரில் பச்சைக் கல் பொட்டு இருந்தது. கம்பெனிப் பெயருக்கு மேலே வட்டமாக ஒரு பசைத் தடம், அதன் ஓரத்தில் தூசி படிந்து கறுத்திருந்தது. பச்சைப் பொட்டு அதற்குச் சற்றுத் தள்ளி இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணை இரண்டு தடவை வாசித்தேன்.

4471.

டீ வந்தது. சர்க்கரை அளவாக இருந்தது. என் அளவு அவளுக்குத் தெரியும்.

2009 முதல் 2012 வரையிலான அனுபவச் சான்று மட்டும் போகவில்லை. கோப்பு பெரிதாக இருக்கிறது என்று திருப்பித் திருப்பி அனுப்பியது. சுருக்கத் தெரியும், நேரம் இல்லை. 4.56க்கு அது இல்லாமலேயே அனுப்பினேன்.

புறப்படும்போது, “ரொம்ப தேங்க்ஸ் கனி” என்றேன். என்னுடைய சார்ஜருக்காக.

“என்னக்கா, நமக்குள்ள போயி தேங்க்ஸு” என்றாள். வாசல் வரை வந்தாள். என் கைப்பையின் வார் முறுக்கியிருந்ததை நேராக்கிவிட்டாள்.

மே 16, வெள்ளி

யோசிக்கவில்லை. அரிசி ஊறப் போட்டேன், அரைத்தேன். மாவு நன்றாக வந்திருக்கிறது.

மே 19, திங்கள்

மறுபடி திருநெல்வேலி. எதற்காகப் போனேன் என்று கேட்டால், வாரண்டி என்பது சலுகை அல்ல, உரிமை என்று சொல்வேன். யாரும் கேட்கவில்லை.

நஸ்ரின் அடையாளம் கண்டுகொண்டாள். “சார்ஜர் வந்திருக்கு மேடம். அந்த நம்பர் கெடச்சுதா?”

“நீங்க ஓ.டி.பி. அனுப்புங்க. நான் கேட்டுச் சொல்லுதேன்.”

அனுப்பினாள். நான் கவுண்ட்டரிலிருந்தே கூப்பிட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

“கனி, சர்வீஸ் சென்டர்ல நிக்கேன். இப்ப ஒனக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். சொல்லு.”

அந்தப் பக்கம் தாளிக்கும் சத்தம் கேட்டது. பிறகு அடுப்பை அணைத்தது கேட்டது.

“என்ன நம்பர்க்கா?”

“ஆறு நம்பர். லேப்டாப் கம்பெனிலருந்து.”

“எனக்கு எதுக்குக்கா வரப்போகுது?”

“வந்திருக்கா இல்லயான்னு மட்டும் பாரு.”

நஸ்ரின் கடிகாரத்தைக் காட்டினாள். “பத்து நிமிசம்தான் மேடம் டைம். அதுக்கு மேல செல்லாது.” நான் அதை அப்படியே அலைபேசியில் சொன்னேன். வைத்துவிட்டாளோ என்று திரையைப் பார்த்தேன். வைக்கவில்லை.

“எட்டு” என்றாள். “ஒன்னு. ஒன்னு. அஞ்சு.” நிறுத்தினாள். “சைபர். ரெண்டு.”

“சரி, வைக்கேன்.”

“அக்கா…”

“வைக்கேன் கனி. இவங்க காத்துக்கிட்டு இருக்காங்க.”

நஸ்ரின் படிவத்தை நிரப்பினாள். ஆறாவது கேள்வி இங்கேயும் இருந்தது. “எப்படிப் பழுதாச்சுன்னு போடணும். சாதாரண உபயோகத்துலன்னு போட்டுக்கிடவா?”

“போட்டுக்கிடுங்க.”

புதிய சார்ஜர் ஒரு வெள்ளை அட்டைப் பெட்டியில் வந்தது. இந்த எண்ணில் பதிவான பழைய புகாரின் விவரத்தையும் அச்சிட்டுத் தரச் சொன்னேன். உரியவரே ஓ.டி.பி. கொடுத்துவிட்டதால் தரலாமாம். ஒரு பக்கம். பெயர், தேதி, நேரம், ரத்து செய்த நேரம், காரணம். வரலாற்றில் இவ்வளவு தெளிவான ஆவணம் கிடைப்பது அபூர்வம். நீலக் கோப்பில் வைத்தேன்.

மே 20, செவ்வாய்

கனி வழக்கமாக ஒரு நாளைக்கு இரண்டு தடவை கூப்பிடுவாள். இன்று இல்லை.

மே 21, புதன்

இன்றும் இல்லை. புதிய சார்ஜர் வேலை செய்கிறது. அதில் பொட்டு எதுவும் ஒட்டவில்லை.

மே 22, வியாழன்

நாளை காலை பதினொரு மணிக்கு நேர்காணல். பணிமூப்பின்படி முதலில் நான், பிறகு கனி. பத்து நிமிடம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும், மடிக்கணினியோடு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

என்ன சொல்வேன் என்பதை இங்கே எழுதிவிடுகிறேன், அங்கே தடுமாறக் கூடாது. விண்ணப்பம் ஏன் தாமதம், சான்று ஏன் இல்லை என்று கேட்பார்கள். நிச்சயம் கேட்பார்கள். அப்போது குரலை உயர்த்தாமல் சொல்வேன்: என் சார்ஜரை இன்னொரு விண்ணப்பதாரர் மே 6 அன்று மாற்றி எடுத்துக்கொண்டார். தம்முடைய பழுதான சார்ஜரில் என் அடையாளத்தை ஒட்டி வைத்தார். அதே நாள் மூன்றே முக்காலுக்குத் தம் புகாரை ரத்து செய்தார். இதோ ஆவணம். பெயர் சொல்ல மாட்டேன், தாளை வைப்பேன், படித்துக்கொள்ளட்டும். சான்றின் நகலையும் வைப்பேன். அழ மாட்டேன். நான்கு வாக்கியம்தான். கண்ணாடி முன் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன், முப்பத்தெட்டு நொடி ஆகிறது.

நாளை இதைச் செய்துவிட்டு எழுதுகிறேன்.

மே 23, வெள்ளி

நடந்தது இது.

செயலர், முதல்வர், பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஒரு பேராசிரியர். மூவரும் ஆண்கள், மேசைமேல் மூன்று தட்டு முந்திரி பக்கோடா. பாடம் நன்றாகவே நடந்தது. பேராசிரியர் இரண்டு தடவை தலையசைத்தார். பிறகு செயலர் தாள்களைப் புரட்டினார்.

“பத்தொம்பது வருச சர்வீஸ் உள்ளவங்க. கடைசி நாளு, கடைசி நாலு நிமிசத்துல அனுப்பிருக்கீங்க. ஒரு சான்றையும் காணோம். மாரிக்கனி பத்தாந்தேதியே முழுசா அனுப்பிட்டாங்க. வரலாறு நடத்துறவங்க தேதிய இப்படியா பாக்கது?”

பேராசிரியர் சிரித்தார்.

“சார்ஜர் பழுதாயிருச்சு சார்.”

“எப்படிப் பழுதாச்சு?”

நீலக் கோப்பு என் மடியில் இருந்தது. நாடாவை அவிழ்த்திருந்தேன். ‘என் அடையாளத்தை ஒட்டி வைத்தார்’ என்ற வாக்கியம் வரை மனதுக்குள் போனேன். என்ன அடையாளம் என்று அடுத்து கேட்பார்கள். பொட்டு என்று சொல்ல வேண்டும். இந்த அறையில், இந்தப் பக்கோடாத் தட்டுகளுக்கு முன்னால், ஸ்டிக்கர் பொட்டு என்று சொல்ல வேண்டும். முதல்வர் வாயைத் துடைப்பதுபோல் கைக்குட்டையை எடுப்பார். மாலைக்குள் கல்லூரி முழுக்கத் தெரிந்திருக்கும்: ஹிஸ்டரி டிபார்ட்மெண்டில் இரண்டு பொம்பளைகள் பொட்டுக்குச் சண்டை. பத்து வருடத்துக்குச் சொல்லிச் சிரிப்பார்கள். வேலை யாருக்குக் கிடைத்தாலும் சிரிப்பார்கள்.

“தெரியல சார்” என்றேன்.

செயலர் ஏதோ குறித்துக்கொண்டார். இருபது எழுத்துக்குக் குறைவாகத்தான் இருந்தது. சான்றின் நகலை நீட்டினேன். தேதி முடிந்த பிறகு வாங்குவதற்கில்லை என்றார்.

வெளியே தாழ்வாரத்தில் கனி நின்றாள். நான்கு நாளில் முகம் சிறுத்திருந்தது.

“என்னக்கா கேட்டாங்க?”

“சார்ஜர் எப்படிப் போச்சுன்னு கேட்டாங்க.”

கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். “நீங்க என்ன சொன்னீங்க?”

“தெரியாதுன்னு சொன்னேன்.”

அவள் தரையைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. என்னைப் பார்க்காமலே பேசினாள்.

“ஏப்ரல் இருவத்தெட்டே ஒங்களுக்குத் தெரியுமாம்லா. ஆறாந்தேதி காலைல சுடலைமுத்து சார் பேச்சுவாக்குல சொன்னாரு. செண்பகவல்லி டீச்சர் சொல்லலையான்னு கேட்டாரு. எனக்கு எங்கன மூஞ்சிய வைக்கன்னு தெரியல. நாலு நாளு, போக வர, ஒரே சீட்டுலதான்க்கா உக்காந்து வந்தோம்.”

“மறந்துட்டேன் கனி” என்று சொல்லிப் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

“பதினாறு வருசத்துல நீங்க மறந்து நான் பாத்தது இது ஒன்னுதான்.”

உள்ளிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். மடிக்கணினியை எடுத்துக்கொண்டாள். கைப்பையைப் பழக்கத்தில் என் மடியில் வைத்தாள். “பாத்துக்கோங்க” என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

பை திறந்துதான் இருந்தது. சாப்பாட்டு டப்பா, மகளின் மதிப்பெண் சான்று நகல், வயர் சுற்றிய சார்ஜர். பச்சைப் பொட்டை நகத்தால் எடுத்தேன். என் பையிலிருந்து புதிய சார்ஜரை வெளியே எடுத்து, கம்பெனிப் பெயருக்கு மேலே அதை ஒட்டி, நன்றாக அழுத்தி, அவள் பையில் வைத்தேன். முறைப்படி அது அவளுக்கு வர வேண்டியது. புகார் விவரம் அச்சிட்ட தாளையும் நான்காக மடித்து அதோடு வைத்தேன். மறுபடி பழுதானால் வாரண்டிக்குத் தேவைப்படும். என்னுடைய பழைய சார்ஜரை நான் எடுத்துக்கொண்டேன். பையைச் சுடலைமுத்து சாரின் மேசைமேல் வைத்துவிட்டு, கனி வரும் முன் கிளம்பினேன். பேருந்தில் பக்கத்து இருக்கையில் ஒருவர் வெங்காய மூட்டையை வைத்தார்.

ஐந்து மணிக்குச் சுடலைமுத்து சார் கூப்பிட்டார். மாரிக்கனிக்குத்தான் கிடைத்திருக்கிறது. “சான்று ஒன்னு கொறஞ்சதுதான் டீச்சர் காரணம்னு பேசிக்கிட்டாங்க” என்றார். பிறகு, “நான் இருவத்தெட்டே ஒங்ககிட்ட சொல்லியும் இப்படி ஆயிருச்சே” என்றார். தாமாகவே வைத்துவிட்டார்.

கனி நான்கு தடவை கூப்பிட்டிருக்கிறாள். எடுக்கவில்லை. நர்சிங் கல்லூரியில் இனி இடம் வாங்கிவிடுவார்கள்.

ஏப்ரல் 28ஆம் தேதி என்ன எழுதினேன் என்று இந்த நோட்டைத் திருப்பிப் பார்க்கவில்லை.

சார்ஜரைச் செருகினேன். பசைத் தடம் இருந்த இடத்தில் ஒரு புதிய பொட்டை எடுத்து வைத்துப் பார்த்தேன், வேண்டாம் என்று எடுத்துவிட்டேன். விளக்கு எரிகிறது. மடிக்கணினி நூறு சதவீதம் காட்டுகிறது. இனி இதிலிருந்து அவசரமாக அனுப்ப வேண்டியது எதுவும் இல்லை.